டோக்கியோ டிஸ்னி போறீங்களா? எல்லாரும் என்கிட்ட கேட்குற கேள்விகள், என் பதில்கள்

டோக்கியோ டிஸ்னிக்கு ரெண்டு தடவை போயிட்டு வந்தாச்சு. முதல் தடவை நானும் வீட்டுக்காரரும் மட்டும், ரெண்டாவது தடவை அம்மா, அக்கா, அக்கா பொண்ணுன்னு ஒரு பட்டாளமே கிளம்புச்சு. அதுக்கப்புறம் ஜப்பானுக்கு டிக்கெட் போடுற ஒவ்வொருத்தரும் வாட்ஸ்அப்ல அதே கேள்விகளைக் கேட்குறாங்க, நானும் அதே வாய்ஸ் நோட்டை அனுப்பி அனுப்பி சலிச்சுட்டேன். அதான் மொத்தமா எழுதி வச்சுடலாம்னு உட்கார்ந்தேன். எந்த ரைடு சூப்பர்ங்கறதெல்லாம் இதுல கம்மிதான். அங்க போய் நின்னப்புறம் "இதை யாருமே சொல்லலையே"ன்னு நாங்க முழிச்ச சமாச்சாரம்தான் அதிகம்.

டோக்கியோ டிஸ்னிலேண்ட் டோக்கியோலயே இல்லையாமே?

ஆமா, இல்ல. பக்கத்துல சிபா மாகாணத்துல உராயாசுங்கற ஊர்ல இருக்கு, கடலைத் தூர்த்து உண்டாக்குன நிலம். பயப்படாதீங்க, டோக்கியோ ஸ்டேஷன்ல இருந்து கெய்யோ லைன் ட்ரெயின்ல ஏறுனா கால் மணி நேரத்துல மைஹமா ஸ்டேஷன் வந்துடும். ஆனா ஒரு சூட்சுமம் இருக்கு. டோக்கியோ ஸ்டேஷன்ல கெய்யோ லைன் பிளாட்ஃபார்ம் மத்த லைனை விட்டு ரொம்ப தள்ளி, பூமிக்கு அடியில இருக்கு. அந்த ஸ்டேஷனுக்குள்ளயே பத்து பதினஞ்சு நிமிஷம் நடக்கணும், போயிட்டே இருக்கும், எஸ்கலேட்டர், நீள காரிடார், நகர்ற நடைபாதை, திரும்பவும் எஸ்கலேட்டர். மேப் காட்டுற நேரத்தை நம்பி கிளம்புனீங்கன்னா ட்ரெயினை விட்டுடுவீங்க, நாங்க விட்டோம். காத்து பலமா அடிச்சா இந்த லைன் லேட் ஆகும், நின்னு கூட போகும், கடலோரமா ஓடுற பாதை அப்படி.

மைஹமாவுல இறங்குனா டிஸ்னிலேண்டுக்கு நடந்தே போயிடலாம். பக்கத்துலயே இருக்கற இன்னொரு பார்க் டிஸ்னிசீ, அதுக்கு மோனோரயில். ஜன்னல், பிடிச்சுக்கற வளையம் எல்லாம் மிக்கி தலை ஷேப்ல இருக்கும், அதைப் பார்த்துட்டு இது பார்க்கோட இலவச வண்டின்னு எல்லாரும் நினைச்சுக்கறாங்க. இலவசம் இல்ல, காசு. சூய்கான்னு ட்ரெயினுக்கு காசு போட்டு வச்சுக்கற கார்டு இருந்தா தட்டிட்டுப் போயிட்டே இருக்கலாம்.

ரெண்டு பார்க் இருக்கே, எதுக்குப் போறது?

டிஸ்னிலேண்ட் 1983 ஏப்ரல் 15-ல திறந்தது, அமெரிக்காவுக்கு வெளியில வந்த முதல் டிஸ்னி பார்க் இதுதான். டிஸ்னிசீ 2001 செப்டம்பர்ல வந்துச்சு. இன்னொரு வேடிக்கை, இந்த ரெண்டுமே டிஸ்னி கம்பெனிக்குச் சொந்தம் இல்ல. ஓரியண்டல் லேண்ட்னு ஒரு ஜப்பான் கம்பெனி லைசென்ஸ் வாங்கி நடத்துது. அதனாலயோ என்னவோ, கோட்டை, மிக்கி எல்லாம் பார்த்தா தெரிஞ்ச இடம் மாதிரி இருக்கும், உள்ள நடக்குற நடைமுறை மட்டும் முழுக்க முழுக்க ஜப்பான்.

குட்டிப் பசங்க இருந்தா டிஸ்னிலேண்ட். பெரியவங்க மட்டும்னா நான் யோசிக்காம டிஸ்னிசீன்னுதான் சொல்வேன். நடுவுல எரிமலை, சுத்தி துறைமுகம், ராத்திரி லைட் போட்டா அங்கயே உட்கார்ந்துடலாம் போல இருக்கும். 2024 ஜூன்ல ஃபேண்டஸி ஸ்பிரிங்ஸ்னு புதுசா ஒரு ஏரியா வேற திறந்திருக்காங்க, ஃப்ரோசன், ரபன்சல், பீட்டர் பேன் எல்லாம் அங்கதான். ஆனா டிஸ்னிசீல மேடு பள்ளம், பாலம், கல் பாவுன தரைன்னு நடை ஜாஸ்தி, முட்டிவலி இருக்கற ஆளுங்களைக் கூட்டிட்டுப் போறப்ப யோசிச்சுக்கோங்க. ஒரு நாள் டிக்கெட்ல ஒரு பார்க்தான், காலையில அது சாயங்காலம் இதுன்னு மாத்த முடியாது.

டிக்கெட் அங்க போய் கவுண்டர்ல வாங்கிக்கலாமா?

வேண்டவே வேண்டாம், ஆன்லைன்லயே எடுத்துட்டுப் போங்க. தேதி போட்ட டிக்கெட், ரெண்டு மாசத்துக்கு முன்னாடி விற்பனை திறக்கும், கூட்டமான நாளுக்கு தீர்ந்து போகவும் செய்யும். 2023 அக்டோபர்ல பெரியவங்களுக்கு நாளைப் பொறுத்து 7,900-ல இருந்து 10,900 யென் வரைக்கும்னு வச்சாங்க, வார நாள் கம்மி, சனி ஞாயிறு ஜாஸ்தி. மூணு வயசு வரைக்கும் இலவசம், 4-11 ஒரு ரேட், 12-17 ஒரு ரேட். பன்னிரண்டு வயசு ஆன புள்ளைய சின்னக் குழந்தைன்னு போட்டுடாதீங்க.

வெளிநாட்டு கிரெடிட் கார்டை அந்த சைட் சில நேரம் ஏத்துக்காது. எனக்கு மூணு தடவை ரிஜெக்ட் ஆச்சு, கார்டு கொடுத்த பேங்குக்கு போன் போட்டா "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு மேடம்"னு சொல்றாங்க. கடைசியில வேற கார்டு போட்டதும் ஒரே தட்டுல போயிடுச்சு. ஏஜென்ட் சைட்லயும் விக்கிறாங்க, கார்டோட மல்லுக்கட்ட முடியலைன்னா அதுல வாங்கிக்கோங்க.

எந்த மாசம் போகக்கூடாது?

ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் வர்ற கோல்டன் வீக். ஆகஸ்ட் நடுவுல ஓபான், முன்னோர்களை நினைச்சுக் கும்பிடுற பண்டிகை. மார்ச்ல காலேஜ் லீவு, மாசக் கடைசியில ஸ்கூல் லீவும் சேர்ந்துக்கும், பரீட்சை முடிச்ச பசங்க கூட்டம் கூட்டமா வருவாங்க. செப்டம்பர்ல புயல் அடிக்க வாய்ப்பு இருக்கு. அப்புறம், உங்களுக்குப் பிடிச்ச ரைடு ஓடுதான்னு முன்னாடியே பார்த்துக்கோங்க, ஸ்பேஸ் மவுண்டனை இடிச்சுக் கட்டுறதுக்காக 2024 ஜூலையோட மூடிட்டாங்க, 2027-லதான் திரும்ப வருதாம். அக்கா பொண்ணு விமானத்துல இருந்தே ஸ்பேஸ் மவுண்டன் ஸ்பேஸ் மவுண்டன்னு பாடிட்டு வந்தா, அவகிட்ட இதை யார் சொல்றதுன்னு பெரியவங்க எங்களுக்குள்ள ஒரே சண்டை.

ஒன்பது மணிக்குத் திறக்கும்னு போட்டிருக்கே, ஒன்பதுக்குப் போனா போதும்தானே?

போதாது. நாங்க ஏழே காலுக்குப் போனோம், எங்களுக்கு முன்னாடி ஆயிரம் பேராவது இருந்திருப்பாங்க. எல்லாரும் தரையில சின்ன விரிப்பு விரிச்சு உட்கார்ந்து பன்னு சாப்பிட்டுட்டு, ஒருத்தரை ஒருத்தர் இடிக்காம, சத்தமே இல்லாம. அவ்வளவு பேர் இருக்கற இடத்துல அந்த அமைதி எனக்கு முதல்ல கொஞ்சம் பயமாவே இருந்துச்சு. கேட்டையும் போட்ட நேரத்துக்கு முன்னாடியே பல நாள் திறந்துடுவாங்க. பார்க்கோட ஹோட்டல்ல தங்குறவங்களுக்கு கால் மணி நேரம் முன்னாடியே உள்ள விடுற சலுகை வேற இருக்கு. கேட் திறந்ததும் கூட்டம் ஓடாது, ஆனா நடக்குற வேகத்தைப் பார்க்கணுமே, ஓட்டம்னும் சொல்ல முடியாது, நடைன்னும் சொல்ல முடியாது.

அங்க போயும் போனையே பார்த்துட்டு இருக்கணும்னு சொல்றாங்களே?

உண்மைதான், எனக்குப் பிடிக்காத விஷயமும் இதுதான். உள்ள நுழைஞ்ச உடனே பார்க்கோட ஆப்பைத் திறக்கணும். பிரீமியர் ஆக்சஸ்னா நீள க்யூல நிக்காம ரைடுக்குப் போக காசு கொடுத்து வாங்கற பாஸ், ஒரு ரைடுக்கு ஒரு ஆளுக்கு 1,500 யென்ல இருந்து 2,500 யென் வரைக்கும் போகும். அது போக இலவச பிரயாரிட்டி பாஸ் ஒண்ணு 2023 ஜூலையில ஆரம்பிச்சாங்க, நாங்க போனப்பவும் இருந்துச்சு. சில ஷோவுக்கு ஆப்ல குலுக்கல், பேர் விழுந்தாதான் நல்ல சீட். இதெல்லாம் நீங்க கேட்டைத் தாண்டுன அப்புறம்தான் வேலை செய்யும், ஹோட்டல் படுக்கையில இருந்து போட முடியாது. அதனால உள்ள போன முதல் அஞ்சு நிமிஷம், கோட்டையைப் பார்த்து வாயைப் பிளக்குறதுக்கு முன்னாடி, வீட்ல விரல் வேகமா ஓடுற ஆளு ஒருத்தர் ஓரமா நின்னு பாஸை எடுக்கணும். எல்லாரோட டிக்கெட்டும் அவங்க போன்லயே இருந்தா ஒரே தட்டுல முடிஞ்சுடும்.

இ-சிம்மோ பாக்கெட் வைஃபையோ கண்டிப்பா வேணும். பவர் பேங்க் ஆளுக்கு ஒண்ணு.

ஜப்பானிஸ் தெரியாம சமாளிக்க முடியுமா?

தாராளமா. போர்டுல இங்கிலீஷ் இருக்கு, இங்கிலீஷ் மேப் இருக்கு. ஆனா ரைடுக்குள்ள பேசுறது, ஷோவுல பேசுறது எல்லாம் ஜப்பானிஸ்தான். ஜங்கிள் குரூஸ்ல படகு ஓட்டுறவர் ஏதோ ஜோக் சொல்றார், படகே குலுங்கிச் சிரிக்குது, நாங்க அஞ்சு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துட்டு ரெண்டு செகண்ட் கழிச்சு சிரிச்சோம்.

வேலை செய்யறவங்களை அங்க காஸ்ட்னு சொல்வாங்க. ஜப்பான் கடைக்குள்ள நுழைஞ்சா "இரஷாய்மாசே"ன்னு, அதாவது வாங்க வாங்கன்னு, கத்துவாங்கல்ல, இங்க அப்படி இல்ல, "கொன்னிச்சிவா"ன்னு வணக்கம் சொல்வாங்க, பதிலுக்கு நீங்களும் சொல்லலாம். ரைடு கிளம்புறப்ப ரெண்டு கையையும் ஆட்டி "இத்தெரஷாய்"னு சொல்வாங்க. அதுக்கு அர்த்தம் என்னன்னு ராத்திரி தேடிப் பார்த்தா அச்சு அசலா நம்ம "போயிட்டு வாங்க"! வீட்டை விட்டு கிளம்புறவங்களுக்குச் சொல்ற வார்த்தையாம். அதைக் கேட்டதுல இருந்து அம்மா ஒவ்வொரு ரைடுலயும் "வரேன்மா, வரேன்பா"ன்னு தமிழ்லயே பதில் சொல்லிட்டு இருந்தாங்க.

பரேடுக்கு எங்க நிக்கணும்?

நிக்கணுமா? இங்கதான் நாங்க மொத்தமா மொக்கை வாங்குனோம், கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

பரேடு போற பாதை ஓரத்துல முன்வரிசைங்க உட்கார்ந்து பார்க்கணும். பின்னாடி இருக்கறவங்கதான் நிக்கலாம். ஒரு மணி நேரம் முன்னாடியில இருந்து விரிப்பு விரிச்சு இடம் பிடிக்கலாம், அதுக்கு முன்னாடி விரிச்சா காஸ்ட் வந்து பணிவா எடுக்கச் சொல்வாங்க. விரிச்சுட்டு எல்லாரும் கிளம்பிடவும் கூடாது, ஆள் இருக்கணும். இது எதுவும் தெரியாம முதல் தடவை நாங்க பரேடுக்கு பத்து நிமிஷம் முன்னாடி போறோம், முன்னாடி நல்லா காலி இடம் தெரியுது, ஆஹான்னு போய் நின்னோம். பின்னாடி ஒரு சத்தமும் இல்ல. யாரும் திட்டல, யாரும் தோளைத் தட்டல. திரும்பிப் பார்த்தா நாலு வரிசை ஜனம் முழங்காலைக் கட்டிட்டு உட்கார்ந்து எங்க முதுகையே பார்த்துட்டு இருக்கு. நாங்க நின்னது உட்கார்ந்திருந்தவங்களோட காலுக்கு முன்னாடி விட்டிருந்த சந்துல! ஒரு காஸ்ட் பொண்ணு ஓடி வந்து, விரலை நீட்டாம முழுக்கையையும் விரிச்சு பின்னாடி பக்கமா காட்டுச்சு. வீட்டுக்காரர் ஆறடி, அவர் குனிஞ்சுகிட்டே பின்னாடி போன போஸை நான் இன்னும் மறக்கல.

இன்னொண்ணு, பரேடு வந்ததும் போனைத் தலைக்கு மேல தூக்காதீங்க. பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்கும், அங்க எல்லாரும் முகத்துக்கு நேரா வச்சுதான் எடுப்பாங்க. பிள்ளைய தோள்ல தூக்கி வைக்கிறதும் கூடாது. செல்ஃபி ஸ்டிக் பார்க்குக்குள்ளயே தடை.

விரிப்பு நூறு யென் கடையில கிடைக்கும். ரெண்டாவது தடவை கார்ட்டூன் போட்ட விரிப்போட கரெக்டா ஒரு மணி நேரம் முன்னாடி போய், செருப்பைக் கழட்டி ஓரமா அடுக்கி வச்சு உட்கார்ந்தோம். அன்னிக்கு மழை வந்துடுச்சு. மழைன்னா ராத்திரி எலக்ட்ரிக்கல் பரேடுக்குப் பதிலா நைட்ஃபால் க்ளோன்னு சின்னதா ஒண்ணு விடுவாங்க, அதைத்தான் பார்த்தோம்.

பெரியவங்க எல்லாம் மிக்கி காது மாட்டிட்டுத் திரியறாங்களாமே, கூச்சமா இருக்காதா?

மாட்டாமப் போனாதான் கூச்சமா இருக்கும். அம்பது வயசு ஆம்பளைங்க, ஜோடியா வந்தவங்க, தனியா வந்தவங்க, எல்லார் தலையிலயும் ஏதாவது ஒண்ணு உட்கார்ந்திருக்கும். ஃப்ரெண்ட்ஸ் கூட்டமா வந்தா தலையில இருந்து சாக்ஸ் வரைக்கும் ஒரே மாதிரி போடுறது ஒரு ஃபேஷன். ஸ்கூல் முடிச்சு வருஷக்கணக்கானவங்க ஸ்கூல் யூனிஃபார்ம் போட்டுட்டு வர்றதும் உண்டு, நான் முதல்ல ஸ்கூல் டூர்னு நினைச்சேன். டஃபின்னு ஒரு கரடி பொம்மை இருக்கு, டிஸ்னிசீல அதுதான் ராஜா. பெரிய ஆளுங்க அதை பையில கட்டிக்கொண்டு வந்து, டேபிள்ல உட்கார வச்சு, சாப்பாட்டோட போட்டோ எடுப்பாங்க. யாரும் யாரையும் ஒரு மாதிரி பார்க்க மாட்டாங்க. தனியா போறவங்களுக்கு இதைவிட நிம்மதியான பார்க் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

ஆனா பெரியவங்க முழு வேஷம் கட்டிட்டு வர்றதுக்கு ஹாலோவீன் சமயத்துலதான் அனுமதி. ராத்திரி ட்ரெயின் ஏறுனதும் பாருங்க, ஒவ்வொரு காதா கழண்டு பைக்குள்ள போகும். டோக்கியோ ஸ்டேஷன் வர்றப்ப அக்கா பொண்ணு தலையில மட்டும்தான் மிச்சம் இருந்துச்சு.

சைவம் சாப்பிடறவங்க என்ன பண்றது?

கஷ்டம்தான், மழுப்பாம சொல்லிடறேன். ஜப்பான்ல சூப், சாஸ்னு எதுக்கும் அடிப்படை தாஷி, அது பெரும்பாலும் மீன்ல போடுறது. காய்கறி மட்டும்தான் தெரியுதுன்னு வாங்குனா உள்ள மீன் இருக்கும். இனிப்புல ஜெலட்டின் இருக்கும். டிஸ்னிசீல டொனால்டோட மிதவை வளையம் மாதிரி ஒரு வெள்ளை பன்னு விப்பாங்க, உகிவாமான்னு பேரு, பார்க்க இனிப்பு பன்னு மாதிரி அவ்வளவு அழகு. அம்மா கையில கொடுத்துட்டேன். கடிக்க வாயைத் திறந்தாச்சு, அப்பதான் அக்கா பொண்ணு மெனு படத்தைப் பார்த்துட்டு "பாட்டி, இறால்!"னு கத்துனா. அதே பார்க்குல விக்கிற கியோசா டாக்ங்கற பன்னுக்குள்ள பன்றிக்கறி. இறால்னா அங்க நிறைய பேருக்கு லேசான தின்பண்டம், அவ்வளவுதான்.

ரெஸ்டாரண்ட்ல அலர்ஜி விவரம் கேட்டா காட்டுவாங்க, ஆனா அது அலர்ஜிக்காகப் போட்டது, சைவமான்னு அதை வச்சு முடிவு பண்ண முடியாது. "மீன் இல்ல, இறைச்சி இல்ல, தாஷி இல்ல"ன்னு ஜப்பானிஸ்ல எழுதுன ஒரு ஸ்கிரீன்ஷாட் போன்ல வச்சுக்கோங்க. வெளிச் சாப்பாடு பார்க்குக்குள்ள கொண்டு போகக்கூடாது, கேட்டுக்கு வெளிய பிக்னிக் ஏரியா இருக்கு, அங்க உட்கார்ந்து சாப்பிடலாம். கண்ணாடி பாட்டில், கேன், சரக்கு எல்லாம் தடை, பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் பிரச்சனை இல்ல. உள்ள குடிதண்ணி குழாய் நிறைய இருக்கு, நிரப்பிக்கலாம்.

பாப்கார்ன் வண்டிக்கு ஏன் ரைடு மாதிரி க்யூ நிக்குது?

கேரமல், சாக்லேட், சோயா சாஸ் வெண்ணெய், கறி மசாலான்னு வண்டிக்கு வண்டி ஃப்ளேவர் மாறும். அதைப் போட்டுக்கற பக்கெட்தான் உண்மையான விஷயம், கதாபாத்திர வடிவத்துல, கழுத்துல மாட்டிக்கற வார் வச்சு. ஒரு தடவை வாங்கிட்டா அப்புறம் ரீஃபில் மலிவு. எந்த வண்டியில எந்த ஃப்ளேவர்னு ஆப்ல பார்த்துக்கலாம். கறி பாப்கார்ன் வண்டி பக்கத்துல காத்து திரும்புனா போதும், தானா கால் அங்க போகும்.

நடுவுல நிலநடுக்கம் வந்தா?

சின்னதா வந்தாலும் ரைடை நிறுத்திடுவாங்க, செக் பண்ணிட்டுதான் திரும்ப ஓட்டுவாங்க. எங்களுக்கு க்யூல நிக்கறப்ப வந்துச்சு, நாங்க உணரவே இல்ல, சுத்தி இருந்தவங்க போன் எல்லாம் ஒரே நேரத்துல கத்துனதுலதான் தெரிஞ்சுது. காஸ்ட் வந்து கையால தணிச்சுக் காட்டி உட்காரச் சொன்னாங்க, உட்கார்ந்தோம், முக்கால் மணி நேரம் கழிச்சு க்யூ நகர்ந்துச்சு.

2011 மார்ச் 11 பெரிய நிலநடுக்கம் வந்தப்ப ரெண்டு பார்க்லயும் சேர்த்து சுமார் 70,000 பேர் இருந்தாங்களாம். காஸ்ட் கடையில இருந்த பொம்மைகளை எடுத்துக்கொடுத்து, தலையில வச்சுக்கோங்கன்னு சொன்னாங்க. ட்ரெயின் ஓடாததால ஆயிரக்கணக்கான பேர் அன்னிக்கு ராத்திரி அங்கயே தங்குனாங்க. டிஸ்னிலேண்ட் ஏப்ரல் 15-லதான், அதாவது அதோட பிறந்தநாள் அன்னிக்குத்தான், மறுபடி திறந்துச்சு. இதைப் படிச்சப்புறம் அம்மாவுக்கு அந்த இடத்து மேல பயம் போயிடுச்சு.

பட்டாசு பார்க்கணும்னே போறோம், கண்டிப்பா இருக்கும்தானே?

கண்டிப்பா எல்லாம் கிடையாது. கடலோரம், காத்து ஜாஸ்தி ஆனா கேன்சல். அதை மட்டும் நம்பிப் போகாதீங்க.

குழந்தை தொலைஞ்சா மைக்ல சொல்வாங்களா?

மாட்டாங்க. ஸ்பீக்கர்ல பேர் சொல்லிக் கூப்பிடற வழக்கம் அங்க இல்ல. பக்கத்துல இருக்கற காஸ்ட் யார்கிட்டயாவது சொன்னா போதும், அவங்களுக்குள்ள தகவல் போகும், தொலைஞ்ச குழந்தைங்களுக்குன்னு தனியா ஒரு இடம் இருக்கு, அங்க பத்திரமா வச்சிருப்பாங்க. புள்ளை பாக்கெட்ல உங்க போன் நம்பர் எழுதி வச்சுடுங்க, புள்ளைக்கு ஜப்பானிஸ் பேச வராதுல்ல.

கவனிக்காம விட்டுடக் கூடாத சின்ன விஷயம் ஏதாவது?

பிறந்தநாளுக்குப் போறீங்கன்னா காஸ்ட் யார்கிட்டயாவது சொல்லுங்க, பேர் எழுதி ஸ்டிக்கர் ஒட்டி விடுவாங்க, காசு கிடையாது. அன்னிக்கு முழுக்க எதிர்ல வர்ற காஸ்ட் எல்லாரும் "ஒமேதெதோ"ன்னு வாழ்த்துவாங்க. அப்புறம் தரை கூட்டுறவங்களைப் பாருங்க. நாங்க க்ரேப் (மெல்லிசா தோசை மாதிரி ஒரு இனிப்பு) வாங்க க்யூல நிக்கறப்ப ஒரு பையன் துடைப்பத்தை தண்ணியில நனைச்சு தரையில நாலே இழுப்பு இழுத்தான், மிக்கி முகம் வந்துச்சு. அக்கா பொண்ணு குதிச்சா. வெயில் சுள்ளுனு அடிச்சுது, ஒரு காது காயறதுக்குள்ள இன்னொரு காதை வரைஞ்சு முடிச்சுட்டு தலையைக் குனிஞ்சு வணக்கம் சொல்லிட்டுப் போயிட்டான். போட்டோ எடுக்க போனைத் திறக்கறதுக்குள்ள பாதி முகம் காஞ்சு போச்சு.

சாமான் வாங்கறதை எப்ப வச்சுக்கலாம்?

மத்தியானமே முடிச்சுடுங்க. ராத்திரி பார்க் மூடுறப்ப ஒட்டுமொத்த ஜனமும் கடைக்குள்ளதான் இருக்கும், ஏன்னா அங்க ஊருக்குப் போனா ஆபிஸ்ல, அக்கம் பக்கத்துல எல்லாருக்கும் தின்பண்டம் வாங்கிட்டுப் போறது கட்டாயம் மாதிரி. ஒவ்வொருத்தர் கூடையிலயும் பிஸ்கட் டின் அஞ்சு ஆறு இருக்கும். வாங்குனதை லாக்கர்ல போட்டுட்டு சுத்தலாம். ஸ்டேஷன் பக்கத்துல பான் வோயாஜ்னு பெரிய கடை ஒண்ணு இருக்கு, அதுக்கு டிக்கெட்டே வேண்டாம், மறந்ததை வாங்கிக்கலாம்.

டின்னு எல்லாம் சூட்கேஸ்ல அடங்கிடும். பாப்கார்ன் பக்கெட் அடங்காது. எங்களோடதுக்கு உள்ள சாக்ஸ், சார்ஜர், அம்மாவோட மாத்திரை டப்பான்னு அடைச்சு, அக்கா பொண்ணு அதைக் கழுத்துல மாட்டிட்டே விமானம் ஏறுனா. செக்யூரிட்டில அதை மட்டும் ரெண்டு தடவை ஸ்கேன் பண்ணாங்க.